தொட்டி மிளகாய்க்குத் தண்ணீர்: தூக்கிப் பார்த்து ஊற்றுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை உங்கள் நாளிதழின் வீட்டுத்தோட்டப் பகுதியில், தொட்டியில் வளரும் மிளகாய்ச் செடிக்குத் தினமும் காலையும் மாலையும் தவறாமல் அரை லிட்டர் தண்ணீர் விட வேண்டும் என்று ஒரு குறிப்பு வந்திருந்தது. விதை ஊறவைப்பது, நாற்றை எடுத்து நடுவது, நுனி கிள்ளுவது பற்றியெல்லாம் எழுதியிருந்தவை நல்ல குறிப்புகள். அந்த ஒரு வரி மட்டும் என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. மூன்று வருடங்களுக்கு முன்பு இதே அறிவுரையை வேறோர் இடத்தில் படித்து, அப்படியே செய்து, 11 செடிகளில் 9 செடிகளை இழந்தேன். அதனால்தான் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். இடம் போதாவிட்டால் சுருக்கிக்கொள்ளுங்கள். ஆனால் எடை பற்றிய பகுதியை மட்டும் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள்.

நான் ஓய்வுபெற்ற செவிலியர். என் பணிக்காலத்தில் 22 வருடங்கள் டயாலிசிஸ் பிரிவில் கழிந்தன. ஓய்வுக்குப் பிறகு மாடியில் மிளகாயும் குடைமிளகாயும் தொட்டிகளில் வைத்தேன். எல்லாமே 12 லிட்டர் பிளாஸ்டிக் தொட்டிகள். செம்மண், தென்னை நார்த்தூள், மண்புழு உரம் மூன்றையும் சம அளவு கலந்து நிரப்பியிருந்தேன். நாற்றுகள் நன்றாகப் பிடித்து, ஒரு முழ உயரத்துக்கு வந்து, முதல் மொட்டும் விட்டன. அதுவரைக்கும் ஒரு குறையும் இல்லை.

அப்புறம் ஒருநாள் மதியம் மாடிக்குப் போனபோது இரண்டு செடிகள் துவண்டு நின்றன. தண்ணீர் போதவில்லை என்று நினைத்து ஆளுக்கு ஒரு குவளை கூடுதலாக ஊற்றினேன். சாயங்காலம் இலை நிமிர்ந்துவிட்டது. ஊற்றியதால்தான் நிமிர்ந்தது என்று முடிவு செய்துகொண்டேன். அங்கேதான் தப்பு ஆரம்பித்தது. மறுநாளும் மதியம் துவண்டது, மறுநாளும் ஊற்றினேன். பத்து நாளில் காலையிலேயே துவண்டு நிற்க ஆரம்பித்தன. கீழ் இலைகள் மஞ்சளாகி, கை பட்டாலே உதிர்ந்தன. என் கணவரும் தன் பங்குக்கு, "நீ இன்னைக்கு ஊத்தலை போலிருக்கு, செடி வாடிக் கிடக்கு" என்று சொல்லி ஊற்றியிருக்கிறார். நான் காலையில் ஊற்றியது அவருக்குத் தெரியாது. அவர் ஊற்றியது எனக்குத் தெரியாது. மேல்மண் இரண்டு பேர் கண்ணுக்கும் காய்ந்துதான் தெரிந்தது.

முதல் செடி செத்த பிறகு தொட்டியைக் கவிழ்த்துப் பார்த்தேன். மேலே இரண்டு விரற்கடை மண் வெளுத்து உதிரியாக இருந்தது. அதற்குக் கீழே பிழிந்தால் சொட்டும் அளவுக்கு ஈரம். அடியில் சாக்கடை நாற்றம். வெள்ளையாக இருக்க வேண்டிய சல்லிவேர்கள் பழுப்பேறி, பிடித்து இழுத்தால் மேல்தோல் மட்டும் உறையைப் போலக் கழன்று வந்து, உள்ளே நூல் மாதிரி நரம்பு மிஞ்சியது. புண்ணைப் பார்த்தே பழகிய கண் எனக்கு. அழுகல் எதுவென்று யாரும் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை.

தண்ணீருக்குள்ளேயே நிற்கிற செடி தாகத்தில் வாடுமா என்று கேட்பார்கள். வாடும். வேர் தண்ணீரை உறிஞ்ச அதற்கு மூச்சு வேண்டும். மண் துகள்களுக்கு நடுவில் இருக்கும் சின்னச் சின்ன இடுக்குகளில் காற்று நிற்கிறது. அதிலிருந்து வேர் ஆக்சிஜனை எடுத்துக்கொள்கிறது. அந்த இடுக்கெல்லாம் எப்போதும் தண்ணீரால் நிரம்பியே இருந்தால் ஆக்சிஜன் வேரை எட்டாது. காற்றில் பரவுவதைவிடத் தண்ணீரில் அது ஏறக்குறைய 10,000 மடங்கு மெதுவாகத்தான் பரவும். மூச்சு முட்டிய வேர் வேலை செய்யாது. வேர் வேலை செய்யாவிட்டால் மேலே இலை வாடும். நாம் மேலே பார்க்கிறது வாட்டத்தை மட்டும்தான். அதனால் இன்னும் ஒரு குவளை ஊற்றுகிறோம். இது போதாதென்று, ஈரம் தேங்கிய மண்ணில் வேரழுகல் கிருமிகளுக்குக் கொண்டாட்டம். மிளகாய்க்கு மிக மோசமான ஒன்று ஃபைட்டோப்தோரா காப்சிசி. 1922இல் லியோனியன் என்ற ஆய்வாளர் மிளகாய்ச் செடியிலிருந்துதான் அதை முதலில் விவரித்தார். அதன் வித்துகள் தண்ணீரில் நீந்திப் போய் வேரைப் பிடிக்கும். தேங்கிய தண்ணீர் இல்லாவிட்டால் அவற்றுக்கு நீந்த வழியில்லை. தண்டின் அடி, மண்ணை ஒட்டிய இடத்தில், கறுத்து வந்து செடி ஒரே நாளில் தலை சாய்ந்தால் பெரும்பாலும் இதுதான். அந்தச் செடியைக் காப்பாற்ற முடியாது. மண்ணோடு அப்புறப்படுத்திவிட்டு, தொட்டியைக் கழுவி வெயிலில் காய வைப்பதே நல்லது.

மிச்சமிருந்த இரண்டு செடிகளை எப்படிப் பிழைக்க வைப்பது என்று யோசித்தபோதுதான் என் பழைய வேலை கை கொடுத்தது. டயாலிசிஸுக்கு வருகிறவர்களை உள்ளே வந்ததும் முதலில் எடை மேடையில் ஏற்றுவோம். சிறுநீரகம் வேலை செய்யாதவர் உடம்பில் கூடுதல் நீர் இல்லாதபோது இருக்கும் எடையை உலர் எடை என்போம். அதற்கு மேல் இரண்டு கிலோ ஏறியிருந்தால் சுமார் இரண்டு லிட்டர் நீர் தேங்கியிருக்கிறது என்று பொருள். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. முகத்தைப் பார்த்து, காலைப் பார்த்து, "எப்படி இருக்கு?" என்று கேட்டு எல்லாம் செய்வோம், ஆனால் எவ்வளவு நீரை எடுப்பது என்று முடிவு செய்வது எடையை வைத்துத்தான். போன வாரம் இரண்டரை லிட்டர் எடுத்தோம், அதனால் இன்றைக்கும் இரண்டரை என்று யாரும் கணக்குப் போட மாட்டோம். அதே ஆளுக்குக்கூட ஒவ்வொரு முறையும் வேறு வேறு.

தொட்டியையும் ஏன் அப்படி நிறுத்துப் பார்க்கக் கூடாது என்று தோன்றியது. வீட்டில் ஒரு எடை மேடை இருந்தது. மாடிக்கு எடுத்துப் போய் வைத்துவிட்டு ஒரு நோட்டும் போட்டேன். பிறகு படித்தபோது, இது ஒன்றும் புதிய யோசனை இல்லை என்று தெரிந்து மகிழ்ச்சியாக இருந்தது. 1724ஆம் ஆண்டு கோடையில் இங்கிலாந்தில் ஸ்டீபன் ஹேல்ஸ் என்ற பாதிரியார், தொட்டியில் வளர்ந்த ஒரு சூரியகாந்திச் செடியை 15 நாள் காலையும் மாலையும் நிறுத்துக் குறித்திருக்கிறார். மண்ணிலிருந்து நேராக ஆவியாகிற தண்ணீர் கணக்கில் சேரக் கூடாது என்று தொட்டியின் வாயை ஈயத் தகட்டால் மூடினார். சூடான, வறண்ட பகலில் செடி நிறைய எடை இழந்தது. இரவில் மிகக் கொஞ்சம்தான். நல்ல பனி இறங்கிய இரவில் எடை சற்றே கூடவும் செய்தது. செடி குடிக்கிற அளவைத் தீர்மானிப்பது அந்த நாள்தான் என்று 300 வருடங்களுக்கு முன்பே ஒருவர் தராசில் காட்டிவிட்டார்.

என் நோட்டில் இருப்பதைச் சொல்கிறேன். காய்க்கும் பருவத்தில் இருந்த ஒரு செடி, 12 லிட்டர் தொட்டி. அடித்துளை வழியாக வடியும்வரை ஊற்றி, அரைமணி நேரம் வடியவிட்டுப் பிறகு எடை போட்டால் 9 கிலோ 200 கிராம். ஊற்றாமல் விட்டுக் காத்திருந்து, காலை நேரத்திலேயே இலை தொங்க ஆரம்பித்த அன்று 6 கிலோ 100. அதாவது அந்தச் செடிக்குப் பயன்படுகிற தண்ணீர் அந்தத் தொட்டியில் மூன்று லிட்டர் சுமார். அதில் இரண்டு லிட்டர் போனதும், 7 கிலோ 200க்கு வரும்போது ஊற்றுவது என்று வைத்துக்கொண்டேன். வாட விட்டுப் பிறகு ஊற்றுவது மிளகாய்க்கு நல்லதல்ல. பூவும் பிஞ்சும் உதிரும்.

இனி கவனியுங்கள். காற்று வீசிய, கடும் வெயில் நாளில் அந்தச் செடி ஒரே நாளில் 1 கிலோ 100 கிராம் இழந்தது. மேகம் மூடிய, காற்றில்லாத ஒரு நாளில் 250 கிராம். ஒரே செடி, ஒரே தொட்டி, ஒரே மண்! வெயில் நாட்களில் இரண்டு நாளைக்கு ஒருமுறை ஊற்ற வேண்டியிருந்தது. மூட்டமான வாரத்தில் எட்டாம் நாள்தான் எடை இறங்கி வந்தது. உங்கள் குறிப்பில் சொன்னபடி தினமும் ஒரு லிட்டர் ஊற்றியிருந்தால், அந்த மூட்டமான வாரம் முழுக்க மண் ஒரு நாள்கூட மூச்சு விட்டிருக்காது. அதே அளவுள்ள இன்னொரு தொட்டியில் நட்டு ஒரு மாதமான சின்னச் செடி வெயில் நாளிலும் 200 கிராம்கூடக் குடிக்கவில்லை. அதற்கும் ஒரு லிட்டர் ஊற்றினால் என்ன ஆகும்? நாற்றைப் பெரிய தொட்டியில் நட்டவர்கள்தான் அதிகம் இழக்கிறார்கள் என்பதற்குக் காரணம் இதுதான். மண் நிறைய, வேர் கொஞ்சம். குடிக்க ஆளில்லாத தண்ணீர் தேங்கி நிற்கிறது. சின்னச் செடிக்குத் தண்டைச் சுற்றி ஒரு கை அகலத்துக்கு மட்டும் ஊற்றினால் போதும். செடி விரிய விரிய அந்த வட்டத்தையும் விரித்துக்கொண்டே போகலாம்.

எடை மேடை இல்லாதவர்களுக்கும் இது கைக்கு எட்டாத காரியம் இல்லை. எனக்கே முழங்கால் வலி, பத்து கிலோவைத் தூக்க முடியாது. தொட்டியின் விளிம்பில் ஒரு கையை வைத்து லேசாகச் சாய்த்துப் பார்க்கிறேன். நன்றாக ஊற்றி வடிந்த அன்று ஒருமுறை சாய்த்துப் பாருங்கள், அந்தக் கனத்தைக் கை நினைவில் வைத்துக்கொள்ளும். பிறகு தினமும் ஒருமுறை சாய்த்துப் பாருங்கள். ஒரு வாரத்திலேயே கைக்குப் பிடிபட்டுவிடும். என் நோட்டில் இப்போது மாதம் இரண்டு முறைதான் எடை எழுதுகிறேன், அதுவும் செடி வளர்ந்து காய் பிடித்தால் அதன் சொந்த எடை கூடிவிடும் என்பதற்காக. மற்ற நாளெல்லாம் கைதான்.

சாய்க்க முடியாத பெரிய தொட்டி என்றால் விரலை விட வேண்டும். மேலே தொட்டுப் பார்ப்பதால் பயனில்லை. நடுவிரலின் இரண்டாம் கணு மறையும் வரை உள்ளே விடுங்கள். விரல் நுனிக்குக் குளிர்ச்சி தெரிந்தால், எடுக்கும்போது மண் ஒட்டினால், நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம். உலர்ந்து உதிர்ந்தால் ஊற்றலாம். தென்னை நார்த்தூள் கலந்த மண்ணில் இதை இன்னும் கவனமாகச் செய்ய வேண்டும். அந்தத் தூள் மேலே சீக்கிரம் வெளுத்துக் காய்ந்த மாதிரி காட்டும், உள்ளே மூன்று நாள் ஈரம் பிடித்து வைத்திருக்கும். என் 9 செடிகளையும் ஏமாற்றியது அந்த வெளுத்த நிறம்தான். நீளமான மூங்கில் குச்சியைத் தொட்டியின் அடிவரை செருகி, ஐந்து நிமிடம் விட்டு உருவிப் பார்ப்பதும் நல்ல வழி. எதுவரை குச்சி கருத்து ஈரமாக இருக்கிறதோ அதுவரை தண்ணீர் இருக்கிறது. மண்ணில் குத்தி முள் காட்டுகிற ஈரமானி ஒன்றை என் மகன் வாங்கித் தந்தான். விலை குறைந்த அந்தக் கருவிகளில் பெரும்பாலானவை மண்ணில் மின்சாரம் எவ்வளவு ஓடுகிறது என்றுதான் அளக்கின்றன. உரம் போட்டால் உப்பு கூடி, காய்ந்த மண்ணையும் ஈரம் என்று காட்டும். நான் அதை எடுத்து வைத்துவிட்டேன்.

மண் தொட்டி வைத்திருப்பவர்களுக்கு வேறு கணக்கு. மெருகு பூசாத மண் தொட்டியின் சுவர் வழியாகவும் தண்ணீர் ஆவியாகும். அதனால் பிளாஸ்டிக்கைவிடச் சீக்கிரம் காயும். விரல் முட்டியால் தட்டிப் பார்த்தால் ஈரமான தொட்டி 'மொத்' என்று சத்தம் கொடுக்கும், காய்ந்தது கணீரென்று ஒலிக்கும். பக்கத்து வீட்டு அக்கா இன்றைக்கும் இப்படித் தட்டித்தான் ஊற்றுகிறார். அவருக்குத் தராசும் வேண்டாம், விரலும் வேண்டாம்.

தொட்டியின் அடியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். இது தெரியாமல் நிறையப் பேர் அடியில் இரண்டு அங்குலம் சரளைக்கல் போடுகிறார்கள். தண்ணீர் நன்றாக வடியும் என்று நம்பி நானும் போட்டிருந்தேன். ஒரு பஞ்சுத் துண்டை, பாத்திரம் துலக்கும் ஸ்பாஞ்ச் போதும், தண்ணீரில் முக்கி எடுத்துப் படுக்கை வசத்தில் பிடியுங்கள். சொட்டுவது நின்றதும் அதையே செங்குத்தாக நிமிர்த்திப் பிடியுங்கள். மறுபடி சொட்டும். படுத்திருக்கும்போது அடிப்பகுதியில் ஒரு மட்டத்துக்குத் தண்ணீர் வடியாமல் தேங்கியே இருந்திருக்கிறது. தொட்டி மண்ணிலும் அப்படித்தான். எத்தனை துளை போட்டாலும் மண்ணின் அடியில் ஓர் அடுக்கு நனைந்தே நிற்கும். அது எவ்வளவு உயரம் என்பது மண்ணின் பொடித்தன்மையைப் பொறுத்தது. அடியில் கல் போட்டால் அந்த ஈர அடுக்கு கல்லுக்கு மேலே ஏறி உட்காருமே தவிர மறைந்து போகாது. வேருக்கு இருந்த இடமும் அத்தனை அங்குலம் குறைந்துபோகும். ஆகவே கல் வேண்டாம். மண் கொட்டாமலிருக்கத் துளைமேல் ஓர் ஓட்டுச் சில்லோ வலைத் துண்டோ போதும். தாழ்வான, அகலமான தொட்டியைவிட உயரமான தொட்டி மிளகாய்க்கு நல்லது என்பதும் இதனால்தான். கலவை பொடியாக இருந்தால் பெருமணலோ, கரித்துண்டோ கலந்து காற்று புக இடம் கொடுங்கள்.

சரி, மதியம் துவளுவதற்கு வருகிறேன். என்னைக் கவிழ்த்த அடையாளம் அது. கடும் வெயிலில் இலையிலிருந்து போகிற அளவுக்கு வேரால் உடனுக்குடன் இழுக்க முடியாது. மண்ணில் தண்ணீர் இருந்தாலும் இலை கொஞ்ச நேரம் தொங்கும். வெயில் தாழ்ந்ததும் தானாகவே நிமிரும். குடைமிளகாய்க்கு இலை பெரிது, அது இன்னும் அதிகமாகத் தொங்கும். அந்த நேரத்தில் குவளையை எடுக்காதீர்கள், தொட்டியைச் சாய்த்துப் பாருங்கள். கனமாக இருந்தால் நிழல் கொடுத்தால் போதும், தண்ணீர் வேண்டாம். காலையில், வெயில் ஏறுவதற்கு முன்பே துவண்டிருந்தால் அது அவசரம். அப்போதும் முதலில் தொட்டியைத்தான் பார்க்க வேண்டும். லேசாக இருந்தால் தாகம், உடனே ஊற்றுங்கள். கனமாக இருந்தால் வேர் கெட்டிருக்கிறது, ஊற்றுவதை நிறுத்துங்கள். இலையைத் தொட்டும் ஓரளவு சொல்லலாம். தாகத்தில் வாடிய இலை மெலிந்து, பளபளப்பு போய், துணி மாதிரி இருக்கும். ஈரம் மிஞ்சி வாடியது தொங்கினாலும் தடிப்பாக, சற்று மஞ்சளோடிப் போயிருக்கும். மண்ணைக் கிளறும்போது சின்னச் சின்னக் கறுப்பு ஈக்கள் எழுந்து பறந்தால், மேல்மண் பல நாளாகக் காயவே இல்லை என்று அர்த்தம். இலை மேல்நோக்கிக் கிண்ணம்போலச் சுருண்டால் இலைப்பேனையும், கீழ்நோக்கிச் சுருண்டால் மஞ்சள் சிலந்தியையும் தேடுங்கள். அதற்கும் தண்ணீருக்கும் பெரும்பாலும் சம்பந்தமில்லை.

குறைவாக ஊற்றியும் ஒருமுறை கெடுத்திருக்கிறேன், அதையும் சொல்லாவிட்டால் நேர்மையாகாது. அழுகலைக் கண்டு பயந்துபோய் அடுத்த பருவத்தில் நான் குடைமிளகாயை நான்கைந்து நாள் காயவிட்டு, பிறகு ஒரேயடியாக ஊற்றினேன். காய்கள் எலுமிச்சை அளவுக்கு வந்ததும் நுனியில் வெளிறிய ஒரு புள்ளி வந்து, பழுப்பாகி, தோல்போல அமுங்கியது. பூச்சி என்று நினைத்தேன். மருந்து அடித்தேன். நுனி அழுகல் என்று பெயர், ஆனால் அது தொற்றுநோயே இல்லை. காயின் நுனிக்குச் சுண்ணாம்புச் சத்து எட்டாததால் வருவது. அந்தச் சத்து தண்ணீரோடு சேர்ந்துதான் செடிக்குள் நகரும். இலை நிறைய ஆவியாக்குகிறது, அதனால் தண்ணீர் இலைக்குப் போகிறது. காய் அவ்வளவு ஆவியாக்காது, அதன் பங்குக்கு வருவதே கொஞ்சம். மண் காய்வதும் நிரம்புவதுமாக இருந்தால் அந்தக் கொஞ்சமும் நின்றுவிடும். மண்ணில் சத்து இருந்தும் காய்க்குப் போய்ச் சேராது. பட்ட காய் திரும்பச் சரியாகாது, பறித்துவிட்டால் அடுத்த காய்க்காவது உதவும். அந்தச் செடிக்கு வேறொன்றும் செய்யவில்லை. எடை 7 கிலோ 200ஐத் தொட்டதும் ஊற்றினேன், அதற்குக் கீழே போக விடவில்லை. காய்ந்த இலைகளை நான்கு விரற்கடை உயரத்துக்கு மூடாக்காகப் போட்டேன். அடுத்து வந்த காய்களில் அந்தப் புள்ளி இல்லை.

இன்னொரு முறை ஆறு நாள் வெளியே போய்விட்டுத் திரும்பினேன். தொட்டி மண் முழுக்கக் காய்ந்து, சுவரை விட்டு விலகி நின்றது. ஊற்றியவுடனே அடித்துளையிலிருந்து தண்ணீர் ஓடி வந்தது. நனைந்துவிட்டது என்று நினைத்து மேடையில் வைத்துப் பார்த்தால் 6 கிலோ 400! ஊற்றியதெல்லாம் அந்த இடைவெளி வழியாக ஓடியிருக்கிறது, மண் குடிக்கவே இல்லை. நார்த்தூளும் மண்புழு உரமும் ஒரேயடியாகக் காய்ந்தால் தண்ணீரை உள்ளே விடாது. அகலமான ஒரு தொட்டித் தண்ணீரில் செடியை வைத்து அரைமணி நேரம் அடியிலிருந்து உறிஞ்ச விட்டேன். 9 கிலோவைத் தொட்டது. துளையிலிருந்து தண்ணீர் வருவதை மட்டும் பார்த்துத் திருப்திப்படக் கூடாது என்று அன்றைக்குத் தெரிந்தது. வந்த வேகத்தையும் பார்க்க வேண்டும்.

ஊற்றும்போது அரை மனதாக ஊற்றக் கூடாது. நேரம் வந்துவிட்டால், மெதுவாக, இரண்டு மூன்று தவணையாக, தொட்டி முழுக்க நனைந்து அடியில் கொஞ்சம் வடியும் வரை ஊற்ற வேண்டும். தினமும் அரைக் குவளை தெளிப்பதால் மேலே இரண்டு அங்குலம் மட்டும் நனைந்து, வேர் அங்கேயே சுற்றி, அடிமண் காய்ந்தே கிடக்கும். உரத்தின் உப்பும் மண்ணிலேயே சேரும். கொஞ்சம் வடிந்தால் அந்த உப்பும் கழுவிப் போகும். கீழே தட்டு வைத்திருந்தால் அரைமணி நேரத்துக்குப் பிறகு அதில் நிற்கும் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். எந்த நேரம் நல்லது என்றால் விடியற்காலை. செடி நிறைந்த வயிற்றோடு வெயிலுக்குள் போகும், நனைந்த இலையும் சீக்கிரம் காயும். அதற்காக, மதியம் தொட்டி உண்மையிலேயே காய்ந்து செடி துவண்டிருந்தால் சாயங்காலம் வரை காத்திருக்காதீர்கள். இலைமேல் விழுந்த துளி கண்ணாடிவில்லை மாதிரி வெயிலைக் குவித்து இலையைக் கருக்கிவிடும் என்று சொல்வார்கள். ஹங்கேரி ஆய்வாளர்கள் இதைச் சோதித்து 2010இல் வெளியிட்டார்கள். ரோமமில்லாத வழுவழுப்பான இலைகளில் அப்படிக் கருகவில்லை. மிளகாய் இலை வழுவழுப்பானதுதான். ஆனால் வெயிலில் கிடந்த குழாயில் முதலில் வருகிற தண்ணீர் கை சுடும். அதை வேறெங்காவது விட்டுவிட்டு, ஆறிய தண்ணீரைப் பிடியுங்கள். கறுப்புத் தொட்டி வைத்திருப்பவர்கள் தொட்டியின் உடம்பில் வெயில் படாமல் ஒரு பலகையோ சாக்கோ சாத்தி வைக்கலாம். வெயில் படுகிற பக்கத்து வேர் வெந்துபோவதைக் கவிழ்த்துப் பார்த்திருக்கிறேன்.

மழை பெய்தால் ஊற்ற வேண்டாம் என்பதும் எப்போதும் சரியல்ல. அடர்ந்த செடிக்கு இலைகளே குடை. ஒரு தூறலுக்குத் தரை முழுக்க நனைந்திருக்கும், தொட்டிக்குள் கைப்பிடி மண்கூட நனைந்திருக்காது. சாய்த்துப் பாருங்கள்.

இப்போது மாடியில் 14 செடிகள் இருக்கின்றன. அன்றைக்குப் பிழைத்த இரண்டில் ஒன்று இன்னும் இருக்கிறது. மூன்றாவது வருடமாகக் காய்க்கிறது. அடித்தண்டு கட்டைவிரல் பருமனுக்கு மரமாகிவிட்டது. மாடிப்படி அருகே ஒரு சிலேட்டுப் பலகை மாட்டியிருக்கிறோம். யார் ஊற்றினாலும், எந்தச் செடிக்கு, எந்தத் தேதி என்று எழுதிவிட்டுத்தான் இறங்க வேண்டும். என் கணவர் இப்போதெல்லாம், "நீ ஊத்தினியா?" என்று கேட்பதில்லை. "சாய்ச்சுப் பாத்துட்டேன், நாலாம் நம்பர் லேசா இருக்கு" என்று கீழே வந்து சொல்கிறார்.

ஆசிரியர் அவர்களே, என் வேண்டுகோள் ஒன்றுதான். அந்த வரியைத் திருத்தி, "தினமும் ஒருமுறை தொட்டியைச் சாய்த்துப் பாருங்கள். லேசாக இருந்தால் மட்டும், அடியில் வடியும்வரை ஊற்றுங்கள்" என்று வெளியிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை உங்கள் குறிப்பைப் படித்து நாற்று நட்டவர்கள் இந்நேரம் வேளைக்கு அரை லிட்டர் ஊற்ற ஆரம்பித்திருப்பார்கள். ஈரத்தில் ஊறிய நாற்று பத்துப் பதினைந்து நாள் பச்சையாகத்தான் தெரியும். அதற்குள் உங்கள் திருத்தம் அவர்கள் கண்ணில் பட வேண்டும். அடுத்த ஞாயிறு இதழிலேயே அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் போட முடிந்தால் நன்றியுடையவளாக இருப்பேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர்,
உங்கள் நீண்டநாள் வாசகி